இடக்கைத் தையல்

அக்டோபர் கடைசி வாரத்தில் பொமூச் ஊருக்கு இரண்டு வாசனைகள் உண்டு. காலையில் ரொட்டி அடுப்புகளின் வாசனை. வெயில் ஏறிவிட்டால் கல்லறைத் தோட்டத்திலிருந்து வருகிற சுண்ணாம்பு வாசனை. அந்த இரண்டாவது வாசனையை நோக்கித்தான் எர்லிந்தா அன்று பிற்பகல் கூடையோடு நடந்தாள்.

கூடையில் ஒரு சின்ன பிரஷ், கிழித்த பனியன் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, அவளே பூத்தையல் போட்ட புதுத் துணி. செத்துப்போய் மூன்று வருஷம் மண்ணில் கிடந்தவர்களை வெளியே எடுத்து, மரப்பெட்டியில் வைத்து, வருஷா வருஷம் எலும்பைத் துடைத்துப் புதுத் துணி உடுத்துவது அந்த ஊர் வழக்கம். இறந்தவர்கள் வீடு தேடி வரும் திருநாளுக்குச் சாப்பிட வருகிறவர்கள் அழுக்குத் துணியோடு வரலாமா? எர்லிந்தாவின் புருஷன் கஸ்பார் போய் ஏழு வருஷம் ஆகிறது. பெட்டிக்கு வந்த பிறகு இது ஐந்தாவது துடைப்பு.

வாசலில் மரநிழலில் உட்கார்ந்திருந்தார் வெனான்சியோ. ஐம்பது வருஷமாகக் குழி வெட்டுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை.

"என்ன தாயி, மறுபடியும் வந்துட்டே?"

"மறுபடியுமா? இப்பத்தானே வர்றேன்."

"முந்தாநாள் வந்து துடைச்சிட்டுப் போனியே. தலையில முக்காடு போட்டுக்கிட்டு, கஸ்பார் மாடத்து முன்னால சம்மணம் கொட்டி உக்காந்திருந்தே. ரெண்டு தரம் கூப்பிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கல. சரி, ஏதோ கோவம் போலன்னு விட்டுட்டேன்."

"கண்ணை ஆஸ்பத்திரியில காட்டுங்கன்னா கேக்குறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

எலும்புப் பெட்டிகள் வைக்கும் மாடங்கள் பச்சையும் மஞ்சளும் ரோஜா நிறமுமாய்ச் சாயம் அடித்து வரிசையாக நின்றன. கஸ்பாரின் மாடம் நீலம். கம்பிக் கதவைத் திறந்து பெட்டியை முன்னால் இழுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எலும்புகள் சுத்தமாக இருந்தன.

ஒரு வருஷத் தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. அவள் பிரஷ் எந்த வருஷமும் போய்ச் சேராத மண்டையோட்டின் மடிப்புகள்கூடத் துடைத்து வைத்த கிண்ணம் மாதிரி பளபளத்தன. அவள் எப்போதும் தெருவைப் பார்க்க வைக்கும் தலை, கிழக்குச் சுவரைப் பார்க்கத் திரும்பியிருந்தது. அடியில் விரித்திருந்தது அவள் போன வருஷம் வைத்த துணி இல்லை. புதுத் துணி. ஓரமெல்லாம் ஊதாப் பூ. நடுவில் கஸ்பார் என்று பெயர்.

பெயருக்குக் கீழே நேராக ஒரே ஒரு கோடு. தொடங்கிவிட்டு நிறுத்திய இன்னொரு பெயரின் முதல் எழுத்து.

எர்லிந்தா தையல்காரி. யாருடைய கை எது என்று துணியைப் பார்த்தே சொல்லுவாள். ஆனால் அன்றைக்கு அவள் தையலைப் பார்க்கவில்லை. அந்தக் கோட்டை மட்டும்தான் பார்த்தாள். அந்த ஊர் எழுத்தில் இமெல்தா என்ற பெயரை எழுதத் தொடங்கினால் முதலில் வருவது இப்படி நேராக ஒரு கோடுதான்.

இமெல்தா ரொட்டிக்கடைக்காரி. கல்யாணம் செய்துகொள்ளாதவள். கஸ்பார் அவள் கடை ரொட்டியைத்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு காம்பெச்சே நகரத்துக்குத் தினமும் போய்வந்தான். அந்த வண்டி கவிழ்ந்துதான் செத்தான். அந்தக் காலத்திலேயே ஊரில் நாலு வாய் நாலு விதமாகப் பேசியது. எர்லிந்தா காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி இருந்தாள். ஆனால் போட்டுக்கொண்டாள்.

"யாருடா அவ?" என்று மண்டையோட்டிடம் கேட்டாள். "செத்தும் ரெண்டு பொண்டாட்டி கேக்குதா உனக்கு?"

அக்கம்பக்கத்தில் தங்கள் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எர்லிந்தா எலும்புகளை வெளியே எடுத்து, அந்தத் துணியை உருவிச் சுருட்டிக் கூடையில் திணித்தாள். தன் துணியை விரித்தாள். தலையைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தாள்.

கதவைச் சாத்தும்போது பெட்டிக்குள் ஏதோ உரசிய சத்தம் கேட்டது. எலும்பு சரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

மறுநாள் காலையில் ரொட்டிக்கடையில் நல்ல கூட்டம். எர்லிந்தா வரிசையில் நிற்கவில்லை. நேரே மாவு மேஜைக்குப் போய்ச் சுருட்டிய துணியைப் போட்டாள்.

"உன் சாமான் என் புருஷன்கிட்ட இருந்துச்சு. திருப்பிக் குடுக்க வந்தேன்."

இமெல்தா கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டாள். பருத்த, நிதானமான பெண். "என்னது இது?"

"நடிக்காதே. அவன் பேரும் உன் பேரும் ஒரே துணியில. உயிரோட இருந்தப்ப நடந்தது போதாதா?"

"உயிரோட இருந்தப்ப என்ன நடந்துச்சு? ரொட்டி ஏத்துனான், ரொட்டி எறக்குனான். பாதி நாள் கணக்குல ரெண்டு ரொட்டி குறையும். அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும்." இமெல்தா துணியை விரித்தாள். பார்த்தாள். பிறகு நிமிர்ந்து எர்லிந்தாவைப் பார்த்தாள். "அடியே, இதுவா என் எழுத்து? நல்லாப் பாரு."

எர்லிந்தா குனிந்தாள்.

நேற்று ஒரு கோடு இருந்த இடத்தில் இன்று இரண்டு கோடு. நடுவே ஒரு பாலம்.

வாயில் வராத எழுத்து அது. பேச்சில் ஒலிக்காது, எழுதும்போது மட்டும் முன்னால் வந்து நிற்கும். அந்த ஊமை எழுத்தில்தான் எர்லிந்தா என்ற பெயர் தொடங்கும்.

"நேத்து இது இல்ல," என்றாள்.

இமெல்தா தையலை விரலால் தடவினாள். துணியைப் புரட்டி, பின்பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். உடனே மேஜைமேல் விட்டுவிட்டுக் கையை இடுப்புத் துணியில் துடைத்தாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

"இது நூல் இல்ல, எர்லிந்தா. முடி."

*

வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் தடவையாகத் தையலைப் பார்த்தாள்.

எண்ணிப் போடும் குறுக்குத் தையல். ஒவ்வொரு குறுக்கிலும் மேலே வரும் இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் கை தெரியும். ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அது வலப்பக்கம் சாயும். இந்தத் துணியில் அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

பொமூச்சில் இடது கையால் ஊசி பிடித்தவள் ஒருத்திதான். தொமித்திலா. கஸ்பாரின் அம்மா. எர்லிந்தாவின் மாமியார்.

செத்து நாலு வருஷம் ஆகிறது.

கஸ்பாரின் பெயர் வெள்ளை முடியில் இருந்தது. அதற்குக் கீழே உள்ள ஊமை எழுத்து கறுப்பு முடியில் இருந்தது. எர்லிந்தா கையைப் பின்னங்கழுத்துக்குக் கொண்டுபோனாள். கொண்டைக்குக் கீழே, காசளவுக்கு, தோல் வழவழவென்று தட்டுப்பட்டது.

தொமித்திலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் செத்த அன்று சவப்பெட்டிக்கு முன்னால் ஊர்கூடி நிற்கையில், "இவதான் கொன்னா. காலையில சண்டை போட்டு அனுப்பினா. அந்த நினைப்புலதான் வண்டியை விட்டான்," என்று கைநீட்டிச் சொன்னவள். சண்டை போட்டது உண்மை. அதன்பின் மூன்று வருஷம் மருமகள் கையால்தான் சாப்பிட்டாள். ஒவ்வொரு தட்டையும் முகர்ந்து பார்ப்பாள். முதல் வாயை நாய்க்குப் போடுவாள். நாய் வாலாட்டினால்தான் தானும் சாப்பிடுவாள். "விஷம் வெச்சா நாய்க்குத் தெரியும்" என்பாள். கடைசி ஒரு வருஷம் தூளிக்கட்டிலிலேயே கிடந்தாள். எர்லிந்தாதான் துடைத்தாள், கழுவினாள், சுமந்தாள்.

அவளை மண்ணிலிருந்து எடுக்க வேண்டிய காலம் போன வருஷம் வந்தது. எர்லிந்தா கல்லறைக்குப் போகவே இல்லை. "எடுத்து ஒரு சாக்குல போட்டு எங்கேயாவது வெச்சிடுங்க," என்று வெனான்சியோவிடம் சொல்லிவிட்டாள். பெட்டி இல்லை, துணி இல்லை, பெயர் இல்லை. மெரிதாவில் இருக்கும் நாத்தனார் கசில்தா போனில் கேட்டபோது, "நல்ல தேவதாருப் பெட்டி அண்ணி, வெள்ளைத் துணி, நானே பூப்போட்டேன்," என்றாள். கசில்தா அழுதாள். "நீ நல்லா இருப்பே" என்றாள்.

இந்த வருஷம் கசில்தா நேரில் வருகிறாள். முப்பத்தொன்றாம் தேதி.

எர்லிந்தா ஊசி முனையால் அந்தக் கறுப்பு எழுத்தைப் பிரித்தாள். பிரித்த முடியை அடுப்பில் போட்டாள். தீயும் மயிர் நாற்றம் வீடெல்லாம் அடித்தது. துணியைத் தையல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்து பெட்டியைத் திறந்தாள்.

மூன்று எழுத்து.

அதற்கு மறுநாள் காலை ஐந்து.

தலையணையில் ஒரு முடிகூட உதிர்ந்திருக்கவில்லை. ஆனால் கழுத்தில் அந்த வழவழப்பு உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. அந்த ஊர் எழுத்தில் அவள் பெயர் எட்டெழுத்து. கல்லறைப் பெட்டிக்குள் விரிக்கும் துணியில் ஒருவருடைய பெயர் எழுதி முடிந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

"அப்பவே சொன்னேன் தாயி," என்றார் வெனான்சியோ. "துணி இல்லாத எலும்பு அம்மணமா நிக்கிற மாதிரி. வெக்கப்படும். வெக்கம் முத்துனா கோவம் வரும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்."

"சாக்கு எங்கே?"

கிழக்குச் சுவரோரம், உடைந்த சிலுவைகளும் காய்ந்த மாலைகளும் குவிந்து கிடந்த மூலைக்கு அழைத்துப்போனார். குவியலுக்கு அடியில் ஒரு சிமெண்ட் சாக்கு. கஸ்பாரின் தலையை யாரோ இந்தச் சுவரைப் பார்க்கத்தான் திருப்பி வைத்திருந்தார்கள் என்பது எர்லிந்தாவுக்கு அப்போது உறைத்தது.

பட்டப்பகல். பக்கத்து வரிசையில் யாரோ ரேடியோ வைத்துக்கொண்டு மாடத்துக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். வெனான்சியோ சாக்கின் வாயைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பலகைமேல் வைத்தார். எல்லாம் மண் ஏறி, பழுப்பேறிக் கிடந்தன. தொடை எலும்பு. இடுப்பு. விலா. வலது கை, பழுப்பு.

இடது கை விரல் எலும்புகள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன.

துடைத்த வெள்ளை இல்லை. தேய்ந்த வெள்ளை. நாளெல்லாம் வேலை செய்கிற கைவிரல் மாதிரி. ஆள்காட்டி விரல் நுனியில் மெல்லிய பள்ளம் ஒன்று ஓடியது. ஊசி பிடிப்பவர்களுக்கு விழும் பள்ளம். எர்லிந்தாவின் விரலிலும் அது உண்டு.

"நீங்க பார்த்த அந்த முக்காடு," என்று மெதுவாகக் கேட்டாள், "எந்தக் கையால துடைச்சிட்டிருந்தாங்க?"

வெனான்சியோ தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார்.

"நாளைக்குள்ள ஒரு பெட்டி வேணும்," என்றாள் எர்லிந்தா. "துணி நான் கொண்டு வர்றேன்."

*

வீட்டுக்கு வந்து அன்று மாலையே மாமியாருக்கான புதுத் துணியை எடுத்து உட்கார்ந்தாள். நூல் அறுந்தது. வேறு நூல் மாற்றினாள். அதுவும் அறுந்தது. விளக்கு வைக்கும் நேரம்வரை ஒரு பூகூட நிற்கவில்லை. விடிந்தது முப்பத்தொன்று. விடிந்ததிலிருந்து நூல் அறுந்துபோகவே இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடியது. மாமியாரின் பெயரும் எட்டெழுத்துதான்; அதில் நான்கு வந்துவிட்டது.

பத்து மணிக்கு இமெல்தா வாசலில் நின்றாள். கையில் படையலுக்குச் சூடான ரொட்டி. எர்லிந்தாவின் மடியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"இன்னைக்கா ஊசியைத் தொடுறே? பைத்தியமா உனக்கு?"

"வேற வழியில்ல."

"இன்னையிலிருந்து செத்தவங்க வர்ற நாள். தெருவெல்லாம் நிக்கிறாங்க, வீட்டுக்குள்ள வர்றாங்க. ஊசி ஓட்டினா யாரையாவது துணியோட சேர்த்துத் தைச்சிடுவே. அப்புறம் அவங்க திரும்பிப் போக முடியாது."

"இன்னைக்குக் குழந்தையிலேயே போனவங்கதானே வருவாங்க. பெரியவங்க நாளைக்குத்தான்."

"உன் மாமியா எப்ப சொன்ன நேரத்துக்கு வந்திருக்கா? சோத்துக்குக்கூட மணி அடிக்கிறதுக்கு முன்னால வந்து உக்காருவா." சொல்லிவிட்டு இமெல்தா தானே சிரிக்கவில்லை. ரொட்டியை மேஜைமேல் வைத்தாள். "நான் கூட இருக்கட்டுமா?"

எர்லிந்தாவுக்கு இரு என்று சொல்லத் தோன்றியது. ஏழு வருஷமாகச் சந்தேகப்பட்டவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. "வேண்டாம்" என்றாள்.

இமெல்தா போன பிறகு வீடு அமைதியானது. கொல்லையில் குழிக்குள் படையலுக்கான பிப், வாழையிலையில் பொதிந்த மக்காச்சோள அடை, வெந்துகொண்டிருந்தது. வாழையிலை கருகும் வாசனை. ஐந்தாவது எழுத்து. ஆறாவது. தையல் பெட்டிக்குள் இருக்கும் அந்த இன்னொரு துணியை அவள் காலையில் பார்த்துவிட்டாள். அதில் ஏழு எழுத்து இருந்தது.

ஏழாவது எழுத்தை முடித்து எட்டாவதற்கு நூல் கோத்தாள்.

பின்னறையில் கயிறு முனகியது.

தூளிக்கட்டில் கயிறு. தொமித்திலா கிடந்த அறை. அவள் போனபிறகு எர்லிந்தா கட்டிலை அவிழ்க்கவும் இல்லை, அந்த அறைக்குள் படுக்கவும் இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று வர வழியே கிடையாது.

கிர்ர்ர். நிறுத்தம். கிர்ர்ர்.

யாரோ புரண்டு படுக்கிற சத்தம்.

பிறகு ஒரு முகரும் ஓசை. தட்டை மூக்கருகே கொண்டுபோய் இழுக்கிற மாதிரி, சின்னச் சின்னதாக. ஒன்று. இரண்டு. மூன்று.

எர்லிந்தாவின் ஊசி துணிக்குள் பாதியில் நின்றது.

"தண்ணி."

வறண்ட, மெல்லிய குரல். கெஞ்சவில்லை. அதட்டவும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே நாற்காலியில், இதே மாதிரி வெளிச்சத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கல்யாண உடுப்பின் ஓரத் தையல். பின்னறையிலிருந்து இதே குரல் இதே சொல்லைச் சொன்னது. "இந்த வரிசையை முடிச்சிட்டு வர்றேன்," என்றாள் எர்லிந்தா. முடித்தாள். அடுத்த வரிசையையும் முடித்தாள். வேண்டுமென்றேதான் முடித்தாள். கொஞ்சநேரம் காத்திருக்கட்டும், நாய்க்கு வைத்து நம்மைச் சோதித்தவள்தானே என்று நினைத்தாள். தண்ணீரோடு போனபோது கட்டில் ஆடாமல் கிடந்தது. கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இதை அவள் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை.

"தண்ணி."

இன்னும் ஒரே ஒரு எழுத்து. முடித்தால் துணி முடிந்தது.

எர்லிந்தா துணியை அப்படியே நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

சுரைக்குடுவையில் தண்ணீர் மொண்டாள். வழியெல்லாம் சிந்தியது. பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

காலிக் கட்டில். ஆனால் காலிக் கட்டில் தொங்குகிற மாதிரி அது தொங்கவில்லை. நடுவில் ஒரு உடம்பின் அளவுக்குத் தாழ்ந்து, தரையைத் தொடுமளவுக்கு இறங்கியிருந்தது. இரண்டு பக்கக் கயிறும் விறைத்து நின்றன.

அவள் கிட்டே போனாள். மாமியாருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது எப்போதும் செய்வதுபோல, விஷமில்லை என்று தான் ஒரு வாய் குடித்துக் காட்டினாள். கேட்க வாயில்லாதபோதும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. பிறகு குடுவையைத் தாழ்வின் மேல்பக்கம், தலை இருக்க வேண்டிய இடத்துக்கு நேரே நீட்டிப் பிடித்தாள்.

"அத்தை," என்றாள். "கொண்டாந்துட்டேன்."

குடுவை அவள் கையில் மெல்ல மெல்ல இலேசாகிக்கொண்டே போனது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கட்டில் மேலே எழும்பித் தட்டையாகத் தொங்கியது. கயிறு ஆடிக்கொண்டிருந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை.

முன்னறைக்கு வந்து துணியை எடுத்தாள். எட்டாவது எழுத்து முடிந்திருந்தது. முதல் ஏழு எழுத்தும் வலப்பக்கம் சாய்ந்திருக்க, அந்த ஒன்று மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

*

கல்லறைத் தோட்டத்தில் அவளைத் தவிர ஆளில்லை. எல்லாரும் நேற்றே முடித்துவிட்டார்கள். மாடங்களின் திறந்த பெட்டிகளில் வெள்ளைத் துணி உடுத்திய தலைகள் வெயில் காய்ந்தன. வெனான்சியோ பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டார்.

எர்லிந்தா பலகைக்கு முன்னால் மண்டியிட்டாள். பிரஷ்ஷால் ஒவ்வொரு எலும்பாகத் தேய்த்தாள். கால் விரலில் தொடங்கி மேலே வந்தாள். தேய்க்கத் தேய்க்கப் பேசினாள். முதலில் சண்டை போட்டாள்.

"என்னைக் கொலைகாரின்னு சொன்னீங்க. ஊரு முன்னால. மறந்துட்டேன்னு நினைச்சீங்களா? நாய்க்குப் போட்டுப் பார்த்தீங்களே, அந்த நாய் செத்தப்பகூட நான்தானே அழுதேன்."

பிறகு மார்பெலும்புக்கு வந்தபோது குரல் இறங்கியது.

"அன்னைக்கு நீங்க தண்ணி கேட்டது எனக்குக் கேட்டுச்சு அத்தை. மொத தடவையே கேட்டுச்சு. ரெண்டு வரிசை தைச்சு முடிக்கிறவரைக்கும் வேணும்னேதான் உக்காந்திருந்தேன். சாவீங்கன்னு நினைக்கல. தாகத்தோட கிடக்கட்டும்னு நினைச்சேன். அப்புறம் உங்களைச் சாக்குல போடச் சொன்னேன். பெட்டின்னு அண்ணிகிட்டப் பொய் சொன்னேன்."

பின்னால் சரளைக்கல் நெரிபட்டது.

அவள் திரும்பினாள். கையில் பயணப் பையோடு கசில்தா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கண் சிமெண்ட் சாக்கின்மேல் இருந்தது.

எர்லிந்தா எழுந்திருக்கவில்லை. அடி விழும் என்று எதிர்பார்த்தாள். விழட்டும் என்றும் நினைத்தாள்.

"பஸ் சீக்கிரம் வந்துடுச்சு," என்றாள் கசில்தா. அவ்வளவுதான். பையைக் கீழே வைத்தாள். சாக்கை எடுத்து மெல்ல மடித்தாள், ஒரு புடவையை மடிப்பது மாதிரி. பிறகு அவளும் மண்டியிட்டாள்.

"அண்ணி, நான்—"

"பேசாதே. இப்ப பேசாதே. உன்னை என்ன செய்யணும்னு எனக்கே தெரியல." கசில்தா மடித்த சாக்கை ஓரமாக வைத்தாள். "அம்மா தினம் போன் பண்ணும். 'இவ என்னை விஷம் வெச்சுக் கொல்லப் பாக்குறா, வந்து கூட்டிட்டுப் போ'ன்னு அழும். மூணு வருஷம். வர்றேன் வர்றேன்னு சொன்னேன். ஒரு தரம்கூட வரல. நீ ரெண்டு வரிசை தைச்சே. நான் மூணு வருஷம் தைச்சிட்டிருந்தேன்."

பனியன் துணியை எடுத்து மண்டையோட்டைத் துடைக்கத் தொடங்கினாள். எலும்புமேல் பிரஷ் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டியில் துணி விரித்து எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு, எர்லிந்தா கூடையிலிருந்து அந்த இன்னொரு துணியை எடுத்தாள். அவள் பெயர் ஏழு எழுத்தோடு நின்றிருந்தது. எட்டாவதற்கு இடம் விட்டிருந்தது. கசில்தா அதை வாங்கிப் பார்த்தாள், புரட்டிப் பார்த்தாள். தாயின் இடக்கை எலும்புகளுக்கு அடியில் அதை மடித்து வைத்தாள்.

தொமித்திலாவின் பெட்டியை மகனின் மாடத்திலேயே, பக்கத்தில் வைத்தார்கள்.

மறுநாள் படையலில் இரண்டு பேருக்கும் தட்டு வைத்தார்கள். குழியிலிருந்து எடுத்த பிப், சாக்லேட், இமெல்தா கொண்டுவந்த ரொட்டி. இமெல்தாவும் வந்து மூலையில் உட்கார்ந்தாள். கசில்தா அவளிடம் கஸ்பாரின் சின்ன வயதுக் கதைகளைச் சொன்னாள். மூன்று பேரும் ஒரு தரம் சிரிக்கக்கூடச் செய்தார்கள். கசில்தா ஊருக்குக் கிளம்பும்போது எர்லிந்தாவின் தலையில் கை வைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. "அடுத்த வருஷம் சேர்ந்து துடைக்கலாம்," என்றாள்.

*

திருநாள் முடிந்து எட்டாம் நாள், வந்தவர்களை வழியனுப்பும் மாலை. ஒவ்வொரு வீட்டு மதில்மேலும் மெழுகுவர்த்தி வைப்பார்கள். வெளிச்சம் பார்த்துக்கொண்டே அவர்கள் தெருவோடு நடந்து கல்லறைக்குத் திரும்பிவிடுவார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எர்லிந்தா மதில்மேல் இரண்டு மெழுகுவர்த்தி நட்டாள். ஒன்று கஸ்பாருக்கு. ஒன்று தொமித்திலாவுக்கு.

கஸ்பாருடையது ஒரே குச்சியில் பற்றிக்கொண்டது. இரண்டாவதைப் பற்றவைத்தாள். எரிந்தது. கையை எடுத்ததும் அணைந்தது.

தெருவில் இலை அசையவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூறு சுடர்கள் ஆணி அடித்தாற்போல் நேராக நின்றன.

மறுபடி பற்றவைத்தாள். மறுபடி அணைந்தது.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "என்ன எர்லிந்தா, ஈரத் திரியா?"

"இருக்கும்."

மூன்றாம் முறை பற்றவைத்து, தெருப்பக்கம் காற்று வராமல் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள். சுடர் அடங்கி நின்றது. ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். ஏழு எண்ணுவதற்குள் சுடர் சாய்ந்தது. வீட்டுப் பக்கமிருந்து தெருப்பக்கமாக, அவள் உள்ளங்கையைச் சுடும் அளவுக்குச் சாய்ந்து, அணைந்தது. அவள் காதோரம் ஏதோ வெதுவெதுப்பாக ஊதிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

'அப்புறம் அவங்க திரும்பிப் போக முடியாது' என்று இமெல்தா சொன்னது அவளுக்கு நினைவு வந்தது.

திரியிலிருந்து கிளம்பிய புகை மெல்லிய இழையாக மேலே எழும்பியது. மற்ற வீட்டுப் புகையெல்லாம் தெருவோடு கல்லறைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. இந்த ஒரு இழை மட்டும் நின்றது. யோசித்தது போல நின்றது. பிறகு திரும்பி, அவள் தோளைச் சுற்றிக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் போயிற்று.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது; உள்ளே யாரோ தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

எர்லிந்தா இன்னும் வெளியேதான் நின்றிருந்தாள்.